லாயின்-லாயின்

பாலிங் நில அலுவலகத்துப் பையன் ஹஃபிஸ்
மோட்டாரை ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்திப்
பாரத்தை விரித்தான்.
பின்னால் என்னென்ன கட்டடம்?

மாட்டுக் கொட்டாய், என்றேன்.
பங்சால், என்றார் இவர்.
கோலக்கெட்டில் வந்து பதினோரு வருஷம்,
இன்னும் ஜொகூர்க்காரர்.
குளித்துக்கொண்டே கொழுந்தன் கத்தினான்:
அது ஸ்டோரு!

மூன்று, என்று எழுதிக்கொண்டு
போய்ப் பார்த்தான்.
ஒரே தகரக் கூரை.
இந்தப் பக்கம் செவலை, அசைபோட்டபடி.
அந்தப் பக்கம் உர மூட்டை, பால் வாளி,
சக்கரமில்லாத சைக்கிள்.

எங்கள் வீட்டில் இது கண்டாங், என்று சிரித்து
மூன்றையும் அடித்தான்.
கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு கோடு:
லாயின்-லாயின். இதர வகை.

இழப்பீடு எவ்வளவென்று அவனுக்கே தெரியாது.

சாயங்காலம் மழை.
மண்வெட்டி எங்கே, என்றார் இவர்.
லாயின்-லாயினில், என்றேன்.
நேராகப் போய் எடுத்துவந்தார்.