மீதி ஐம்பத்தொன்று

குதாயிசியில், எங்கள் ரொட்டிக்கடை ஜன்னலடியில்,
மாவு மூட்டைமேல் குப்புறக் கிடந்து
வீட்டுக்கணக்குப் போடுகிறான் சோத்னே.
ஐந்தாவது கணக்கு:
ஒரு ரொட்டிக்கடையில் தொண்ணூற்றிரண்டு ரொட்டிகள்.
முப்பத்தெட்டு விற்றுப்போயின.
மீதி எத்தனை?

'அம்மா, இது நம்ம கடையா?'
இல்லையடா. பாடநூல் எழுதுகிறவர்கள்
இந்தத் தெருவுக்கு வந்ததே இல்லை.
வந்திருந்தால்
ஒன்றை அமுக்கிப் பார்த்துவிட்டு
சூடாக வேறு கொடு என்றிருப்பார்கள்.

இரண்டில் எட்டு போகாது,
அது அவனுக்குத் தெரியும்.
பக்கத்து ஒன்பதிடம் கடன் வாங்குகிறான்.
ஒன்பதை அடித்து எட்டாக்கிய வேகத்தில்
தாள் கிழிகிறது.
இரண்டின் தோளில் குட்டியாய் ஓர் ஒன்று
ஏறி உட்கார்ந்துகொள்கிறது.
பன்னிரண்டில் எட்டு.
கைவிரல் பத்தும் தீர்ந்துபோய்
காலுறைக்குள் இரண்டு விரல்கள் நெளிகின்றன.

நான் தோனே அடுப்புக்குள் இடுப்புவரை குனிந்து
சுவரில் மாவை அறைந்தபடியே
வாயால் கழிக்கிறேன்.
எங்கள் மொழியில் தொண்ணூற்றிரண்டு என்று ஒற்றைச் சொல்லாய் ஏதும் இல்லை,
நான்கு இருபதும் பன்னிரண்டும் என்போம்.
முப்பத்தெட்டு என்றால்
இருபதும் பதினெட்டும்.
பன்னிரண்டில் பதினெட்டு போகாது,
ஆகவே ஓர் இருபதை உடைக்கிறேன்,
ரொட்டியை உடைப்பதுபோல.
இருபதும் பன்னிரண்டும் சேர்ந்ததில் பதினெட்டு போக
பதினான்கு.
மிஞ்சிய மூன்று இருபதில் ஒன்று போக இரண்டு.
இரண்டு இருபதும் பதினான்கும்.

'தப்பும்மா! பத்தைத்தான் உடைக்கணும்.
மக்வலா டீச்சர் சொன்னாங்க.'

உன் பென்சில் பத்தை உடைக்கட்டும்,
என் நாக்கு இருபதைத்தான் உடைக்கும்.

இரண்டு பேருக்கும் ஐம்பத்து நான்கு வந்தது.
அதில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பிறகு கேட்டான்:
'ஒன்பதுகிட்ட வாங்கின பத்தை
ரெண்டு எப்போ திருப்பித் தரும்?'
ஆணியில் தொங்கும் கடன் நோட்டைப் பார்த்தேன்.
மல்காஸ், டாக்ஸி, செப்டம்பர் முதல்.
டீச்சரிடமே கேள் என்றேன்.

சனிக்கிழமை பள்ளி இல்லை.
தொண்ணூற்றிரண்டு சுட்டதும்
நிறுத்து என்று கத்தினான்.
ஒவ்வொரு ரொட்டி விற்கும்போதும்
நீல வர்ணச் சுவரில் மாவு விரலால் ஒரு கோடு.
முப்பத்தெட்டாவது கோட்டோடு
கடைக் கதவைச் சாத்திவிட்டு எண்ணினான்,
வெளியே கியூவில் முணுமுணுப்பு.

ஐம்பத்தொன்று.

மறுபடி எண்ணினான், இம்முறை
ஒவ்வொன்றின் மூக்கையும் தொட்டு.
ஐம்பத்தொன்றேதான்.

ஒன்று சுவரிலிருந்து வழுகித் தணலில் விழுந்தது,
கரியாய் எடுத்துப் போட்டேனே.
ஒன்று மல்காஸுக்கு. நோட்டில் ஏறியது, விற்பனையில் இல்லை.
மூன்றாவதைத் தேடி
மூட்டைகளுக்குப் பின்னால் போனான்,
தராசுக்கு அடியில் பார்த்தான்,
பூனையைச் சந்தேகித்தான்.
மோவாயில் ஒட்டியிருந்த ரொட்டித் தூளை
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவனாகவே துடைத்துக்கொண்டான்.

'புத்தகத்துல இருக்கிற கடையில
யாருக்குமே பசிக்காதா?'

தாளில் ஐம்பத்து நான்கை அழிக்கவில்லை.
பக்கத்தில் சின்னதாக எழுதினான்:
எங்கள் கடையில் 51.

திங்களன்று தாள் திரும்பி வந்தது.
ஐம்பத்து நான்குக்குச் சரி.
ஐம்பத்தொன்றுக்குப் பக்கத்தில்
சிவப்பில் ஒரு கேள்விக்குறி.
அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு
அடுத்த தாளை எடுத்தான்.

நானூறில் ஏழு போனால்?

மழை. கடையில் மல்காஸ் மட்டும்,
காலர் சொட்டச் சொட்ட.
இன்னும் ஒன்று எழுதிக்கொள் க்வன்சா, வெள்ளிக்கிழமை தருகிறேன்.
எந்த வெள்ளி என்று நான் கேட்பதில்லை.
நோட்டைக் கழற்றி எழுதும்போது
மூட்டையிலிருந்து குரல் வருகிறது:
'அம்மா, பக்கத்து வீட்ல பூஜ்யம்.
அங்க ஒண்ணுமே இல்ல.'

அதற்கும் அடுத்த வீட்டைத் தட்டு என்கிறேன்.
மல்காஸ் நிமிர்ந்து பார்க்கிறான்.