நாற்பத்து மூன்றாம் சுற்று

எழுபத்து நான்கின் கடைசிப் பந்தயம்
மெரின் டிரைவில்தான் ஓடியது.
முந்தின நாள் முழுக்க நகராட்சி லாரிகள்
புறா எச்சம் கழுவின.

சர்னி ரோடு ஸ்டேஷன் டிக்கெட் கிளார்க் நான்.
கூட்டல் தப்பாதவள் என்று
சௌபாட்டி வளைவில் எனக்கொரு ஸ்டூல்,
ஸ்டாப்வாட்ச், கட்டம் போட்ட தாள்.
வருகிற எண்ணை எழுத வேண்டும்,
அவ்வளவுதான்.

முப்பத்தொன்று, ரோஹின்டன் கராணி.
தார்தேவ் பையன், ஆரஞ்சு வண்டி.
ஆறாவதாக வந்தாலே உலகப் பட்டம்.

விடைபெற்ற மழை திரும்பி வந்து கொட்டியது.
கடல் சுவரேறிச் சாலையில் விழுந்தது.
சர்ச்கேட் லோக்கல் ஒன்று
அலறிக்கொண்டு போன நேரம்
ஆம்புலன்ஸ் மறைவில்
ஆரஞ்சாய் ஏதோ கடந்தது.
எழுதினேன்: 31.
மற்ற இருவர் தாளிலும்
அந்தக் கட்டம் காலி.

இரண்டுக்கு ஒன்று.
பட்டம் ஸ்வீடன்காரனுக்குப் போனது.
கோட்டு போட்ட ஒருவர் கேட்டார்:
"உன் மூக்குக்கண்ணாடியில் தண்ணீர் இருந்ததாம்மா?"
இருந்தது.

பிப்ரவரியில் அவன் என் கௌண்டருக்கு வந்தான்,
இடக்கையில் இன்னும் கட்டோடு.
"தாதர், ஒன்று."
சில்லறையை எண்ணாமல் பையில் போட்டான்.
சொல்லியிருக்கலாம்.
டிபன் பைக்குள்தான் கிடந்தது தாள்,
நான்காய் மடித்து, ஊறுகாய் எண்ணெய் பட்டு.
அவனுக்குப் பின்னால் நீண்ட வரிசை.

"வண்டி போய்விட்டதா?" என்றான்.
"போயிற்று. நான் பார்த்தேன்."

நம்பாமல்
படியேறி ஓடினான்.