சுமைக் கணக்கு

ஷார்ஜா. ஆகஸ்ட். பன்னிரண்டே முக்கால்.
நூலகத்தில் குளிர் போதவில்லை என்று
மூன்றாவது புகார்.
ஏணியும் கேஜும் தூக்கிக்கொண்டு போனேன்.

வரைபடம் பழசு.
அதன்படி இரண்டாவது தளத்துக்கு
நாற்பது வாசகர், அறுபது விளக்கு,
மீதியெல்லாம் புத்தகம்.
புத்தகம் சூடு விடாது.
எங்கள் கணக்கில் அது சுவர் மாதிரி.

எண்ணத் தொடங்கினேன்.
கலைக்களஞ்சியங்கள் நின்ற இடத்தில்
நீளத்துக்குப் பிளக்.
பிளக்குக்கு ஒரு போன்,
போனுக்கு ஒரு ஆள்.
மதிய வெயிலில் வேலை கூடாதென்ற சட்டம்
கொண்டுவந்து சேர்த்த ஆட்கள்.
யாரும் சொல்லாமலே வாசலில் கழற்றிய
சிமென்ட் பூட்ஸ், ஜோடி ஜோடியாய்.

ஹெட்போன் இல்லாத ஒருத்தர்
சத்தத்தை அணைத்துவிட்டு
பிறந்து ஒருநாளான பிள்ளையின்
அழுகிற வாயை மட்டும் பார்க்கிறார்.
ஒரு நேபாளி, பயோடேட்டாவில்
'அனுபவம்' என்ற கட்டத்திலேயே
அரை மணி நேரமாக.

ஜன்னலோரம் களஞ்சியம்.
எங்கள் கம்பெனி சாரக்கட்டு ஆள், ஒரே கேம்ப்.
என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
ஐந்து மாதச் சம்பளப் பாக்கி.
வழக்கை ஆன்லைனில்தான் போடணுமாம்.
நூலகர் இக்லாஸ், சூடான்காரி,
பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு
அரபிக் கட்டங்களை ஒவ்வொன்றாய் நிரப்புகிறாள்.
உன் பெயருக்கு என்ன அர்த்தம், என்றாள்.
சேர்த்து வைக்கிற இடம்:
பாதி இந்தியில் சொன்னான், பாதி கையால்.
அவள் சிரிக்கவில்லை.
காலியான அலமாரிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

ஃபில்டரைக் கழுவிக்கொண்டே கேட்டேன்,
இப்போ யாராவது புத்தகம் எடுக்கிறார்களா?
"பிள்ளைகள் எடுக்கிறார்கள்.
பெரியவர்கள் கேள்வியோடு வருகிறார்கள்.
எல்லாமே இன்றைக்குள்
பதில் வேண்டிய கேள்வி."

கம்ப்ரஸரில் கோளாறில்லை.
கேஸ் சரி, பெல்ட் சரி.
ரிப்போர்ட்டில் காரணம் என்ற இடத்தில்
ஆள் அதிகம் என்று எழுதினேன்.
இன்னும் பத்து டன் வேண்டும் என்றும்.
மேனேஜர் திட்டுவார்.

ஏணியை மடக்கும்போது
பிரிண்டரிலிருந்து களஞ்சியத்தின் தாள் வந்தது.
மேலே எங்கள் கம்பெனி பெயர்.
அவனிடம் எடுத்துக் கொடுத்தேன்.
இளஞ்சூடு.

எனக்கும் இரண்டு மாதம் பாக்கி.

வேனில் உட்கார்ந்து
நூற்றுப் பன்னிரண்டு என்பதை அடித்துவிட்டு
நூற்றுப் பதிமூன்று என்று எழுதினேன்.