ஒரே சொல்

ஆறு மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம்.
முத்தையன்கட்டு வாய்க்கால் கரையில்
உரப்பையை விரித்துக் குப்புறக் கிடக்கிறேன்.
பனி.

சஸ்கட்டூனிலிருந்து சிவநேசனும்
அதே சொல்லைத்தான் அனுப்பியிருக்கிறான்:
"மச்சான், பனி."
அவனுடையது முழங்கால் மட்டும். சவளால் அள்ளலாம்.
என்னுடையது லென்ஸில் வந்து குந்தும்,
சாரத் தலைப்பால் துடைத்தால் போகும்,
திரும்ப வரும்.

பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொரு பாகையாம்.
பற்றரியைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு
படமெடுக்கப் போகிறானாம்,
வெளியே எடுத்தால் செத்துப்போகுமாம்.
அவன் பிடித்த குருவி
கறுத்தத் தொப்பி போட்டது, பெருவிரல் அளவு,
சொண்டு நுனியில் ஒரு பொட்டுப் பனி.
பந்துமாதிரி ஊதியிருந்தது.
நல்ல சாப்பாடுபோல என்றேன்.
"விசரா, அது காத்து.
இறகுக்குள்ள காத்தைப் பிடிச்சு வைச்சிருக்கு."

விசில்.
இரண்டு சுரம், ஒன்று ஏறி ஒன்று இறங்கி.
மணிக்கூட்டைப் பார்த்தேன்: ஐந்து ஐம்பத்தாறு.
ஆறுமணிக்குருவிக்கும் நேரம் பிழைக்கிறது.

வெளிச்சம் வர அரை மணித்தியாலம் போயிற்று.
முழங்கைக்குள் ஈரம் ஏறியது.
ஒரு எருமை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

ஒட்டுசுட்டான் சந்தியில் ஸ்ரூடியோ வைத்திருக்கிறவன் நான்.
நேரே பார்க்க வேணும்,
இரண்டு காதும் தெரிய வேணும்,
சிரிக்கக் கூடாது:
பத்தொன்பது வருஷம் சொன்ன வாய்.
வீரைச் சருகைக் கிளறிக்கொண்டு
அது வெளியே வந்தபோது
ஒன்றும் சொல்ல ஏலவில்லை.
முதலில் முதுகைக் காட்டியது.
பிறகு வாலடிச் சிவப்பு மட்டும்.
பிறகு ஒரு புழு, பாதிப் புழு, சருகு.

படம் எல்லாம் கறுத்துக் கிடந்தது.
சிவநேசன் குரல் அனுப்பியிருந்தான் ஒருநாள்:
"வெள்ளை கூடினா கமரா பயந்துபோகும்,
எல்லாத்தையும் இருட்டாக்கிப்போடும்.
ஒரு புள்ளி ஏத்து."
அங்கத்தைப் பனிக்குச் சொன்ன பாடம்.
ஏத்தினேன்.
பச்சை முதுகும் நீலத் தோளும்
கண்ணுக்குக் குறுக்கே கறுத்தக் கோடும்
புகாருக்குள் இருந்து மெல்ல எழும்பின.

அதுவும் ஊதித்தான் நின்றது.
இமயத்து அடிவாரத்துக் குளிருக்குப் பயந்து
இவ்வளவு தூரம் பறந்து வந்து
இங்கத்தைப் பனிக்குள் நிற்கிறது.
அவன் எதற்குப் பயந்து
அந்தப் பனிக்குப் போனவன் என்று
எனக்குத் தெரியும்.
இரண்டு பேரும் லென்ஸ் விலையைத்தான் கதைப்போம்.

ஒன்பது மணிக்குக் கடை திறந்தேன்.
தேனுஜா, இருபத்துமூன்று வயது, கடவுச்சீட்டுப் படம்.
முழங்கைச் சேற்றைக் கழுவ மறந்து நின்றேன்.
"எந்த இடம் போறீங்கள்?"
"வின்னிப்பெக்."
தலைமயிரைக் காதுக்குப் பின்னால் விடச் சொன்னேன், விட்டாள்.
நேரே பார்க்கச் சொன்னேன், பார்த்தாள்.
பின்னால் வெள்ளைச் சீலை.
ஒரு புள்ளி ஏத்தினேன்.

மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள்.
கன்னம், தோள், நெஞ்சு
எல்லாம் கொஞ்சம் உப்பி.

"மூச்சை விடலாம் தங்கச்சி" என்றேன்.
விடவில்லை.