கொக்கி

பர்லியாருக்கு மேலே, ஒன்பதாவது வளைவில்
டிரெய்லரின் பின்சக்கரம் ஓரக் கால்வாயில் இறங்கிவிட்டது.
முதுகில், தார்ப்பாய்க்குள் ஒரு டாங்கி.
வெலிங்டனில் அதற்குப் பீடம் கட்டிச்
சுண்ணாம்பும் அடித்து வைத்திருக்கிறார்கள்.
ராணுவத்தின் கிரேன் கீழே எங்கோ
காய்கறி லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள,
இரவு இரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்,
கவிழ்ந்த கேரட் லோடுகளைத் தூக்குகிறவனை.

பதினேழு வருடம் ரெக்கவரி வண்டியில் இருந்தேன்.
அதற்குப் பீரங்கி கிடையாது.
ஒரு வின்ச்சு, மண்ணில் ஊன்றிக்கொள்ள ஓர் அலகு,
நூறு மீட்டர் இரும்பு வடம்.
சண்டை நகர்ந்து போன பிறகுதான் நாங்கள் போவோம்.
சங்கிலி அறுந்தது, சேற்றில் அமிழ்ந்தது,
எரிந்து, மூடி திறக்காமலே நின்றது,
எல்லாவற்றுக்கும் ஒரே கொக்கி.
மாட்டும்முன் குர்மேஜ்
கவசத்தை மூன்று முறை தட்டுவான்.
பதில் வந்தால் ஸ்பானர்.
வராவிட்டால் முதலில் ஒரு பீடி.

மழை விடவில்லை.
டார்ச்சைப் பிடித்தபடி ஹாலன் கேட்டான்:
"இது எத்தனை பேரைக் கொன்றிருக்கும்?"
எனக்கென்ன தெரியும். எடையைக் கேள், சொல்கிறேன்.
இன்ஜினைக் கழற்றிவிட்டார்கள்;
முப்பது டன்னுக்குக் குறையாது.

தார்ப்பாயை விலக்கி எண்ணைத் துடைத்துப் பார்த்தேன்.
நாங்கள் இழுத்த வண்டி இல்லை.
புதுப் பச்சைப் பெயின்ட் கையில் ஒட்டியது.

இருந்தாலும் வடத்தை எடுத்ததும்
கை தானாகப் போய்விட்டது.
மூன்று முறை.
உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டியது.

ஹாலனிடம் பீடி கேட்டேன்.
இல்லை என்றான்.
மாட்டினேன்.