ஆறு சென்டிமீட்டர் கேசிங்

ராடு சரிந்து வலது விலாவில் இடித்தது
ராய்ப்பூருக்கு அந்தப் பக்கம், அறுநூறாவது அடியில்.
தைலம் தேய்த்துக்கொண்டேன். ஓட்டை முடியணுமே.

மூணு வாரம் கழித்துத்தான்
கண்ணு மஞ்சள். நெஞ்சுக்குழியில் முறுக்கிப் பிடித்தது.
வெளிக்கு, டீசல் கசடு மாதிரி கறுப்பாகப் போச்சு.
திருச்செங்கோட்டு வண்டியை ஹெல்பரிடம் விட்டுவிட்டு
ரயிலில் படுத்தே வந்தேன் ஈரோட்டுக்கு.

டாக்டர் கோகிலவாணி ஸ்கேனைப் பார்த்தார்.
"கல்லீரலுக்குள்ள அடிபட்டிருக்குங்க.
ரத்தம் பித்தக்குழாயில் கசிஞ்சு, உறைஞ்சு, அடைச்சிருக்கு."
தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி
நீரோட்டம் பார்க்கிற ஆள் ஞாபகம் வந்தது.
ஆனால் அந்தாள் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை:
"இதுல நிக்கலைன்னா தொடைவழியாப் போய்
ரத்தக்குழாயையே அடைக்கணும்."

"எத்தனை அடி போவீங்க?" என்றாள் தெய்வானை.
"வாயிலிருந்து ரெண்டடிங்க."
ரெண்டடி!

ஊசி. குப்புறப் படுக்கை. பல்லுக்கிடையில் ஒரு வளையம்.
மீதியெல்லாம் ஒயர் பிடித்த பையன் சொன்னது:
குழாயின் வாய் மொட்டு மாதிரி இருந்ததாம்,
அதிலிருந்து சொட்டுச்சொட்டாய்ச் சிவப்பு.
பலூன் ஊதி இழுத்ததும்
உறைந்தது அட்டை அட்டையாய் வந்து விழுந்ததாம்.
அப்புறமும் கசிந்திருக்கிறது.
உறை போட்ட ஸ்டென்ட் ஒன்றை இறக்கி, விரிய விட்டு,
சுவரை அழுத்திப் பிடிக்கட்டும் என்று
ஒருத்தரும் பேசாமல் நின்றார்களாம்.

இடிந்து விழும் மண்ணுக்கு நாங்கள் வேறென்ன செய்கிறோம்?

கம்ப்ரசரை நிறுத்தினதும் ஒரு அமைதி வரும்.
தோட்டத்துக்காரர் குழிக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார்,
சட்டைப் பையில் நகை அடகு வைத்த சீட்டு.
என் முகத்தைப் பார்ப்பார்.
எத்தனையோ பேரிடம் "புகைதானுங்க" என்று சொல்லியிருக்கிறேன்,
ராடைக் கழற்றிக்கொண்டே.
நிலமாகப் படுத்தது இதுதான் முதல் தடவை.

ஆறு நிமிஷமாம், பையன் கடிகாரம் பார்த்திருக்கிறான்.
சிவப்பு நின்று
விரலி மஞ்சள் வேகவைத்த தண்ணியாட்டம் வழிந்ததாம்.
"எத்தனை இஞ்ச்?" என்று கேட்டுவிட்டு
தெய்வானை அங்கேயே அழுதிருக்கிறாள்.

ஆறு வாரத்தில் அதை உருவிவிடுவார்களாம்.
போட்ட கேசிங்கை நாங்கள் எடுத்ததே இல்லை.
"எடுத்தா மண்ணு சரியாதுங்களா?"
ரெண்டு தரம் கேட்டேன்.
"பார்த்துட்டுத்தான் எடுப்போம்."

சாயங்காலம் ஹெல்பர் கூப்பிட்டான்.
"எழுநூத்தியெண்பதுண்ணா. இன்னும் புகைதான்.
அந்தப் பெரியவர் இங்கியே உட்கார்ந்திருக்காரு.
என்ன சொல்லட்டும்?"

போனைக் காதில் வைத்தபடியே
கட்டிலுக்குக் கீழே தொங்கும் மூத்திரப் பையைப் பார்த்தேன்.
நேற்றைக்கு இன்றைக்குக்
கொஞ்சம் வெளுத்திருந்தது.