இடது தோள்

குழலின் வாயில் ஈயம் ஊற்றி
நெருப்புத் துளையை வெல்டிங் வைத்து அடைத்து
போலீஸ் முத்திரையோடுதான் வந்தது,
கோணிச் சாக்கில் சுற்றி,
செம்பனைக் குலை ஏற்றும் லோரியில்.

வாய் வழியே மருந்து கெட்டிக்கும் ரகம்.
கட்டை இல்லை.
கறையான் தின்றது போக மிஞ்சியவை
குழல், குதிரை, ஒரு பித்தளைத் தகடு,
மூன்று திருகாணி.

மானேஜர் பங்களாவை வாங்கி
விடுதி நடத்தும் கூ பெங் ஹோக்
பாடாங் செராய்ச் சந்தையில் பழகிய தமிழில் சொன்னார்:
'வர்றவங்க தூக்கிப் பிடிச்சு போட்டோ எடுக்கணும்.
அசல் மாதிரி வேணும், அக்கா.
உசந்த மரம் வேணாம். விலை.'

மரம் என்னிடம் இருந்தது.
ஏழாம் நம்பர் காடு மறுநடவுக்கு விழுந்தபோது
தொழிற்சாலை கழித்துப் போட்ட பால்மரப் பலகை.
நீலம் பாய்ந்தது. நாற்காலிக்கு ஆகாதாம்.

பகலில் நான் நாற்காலிக் கால்.
ஒரு ஷிப்டுக்கு நானூறு,
ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
இரவில்,
துணி துவைக்கும் மெஷினுக்கும் கேஸ் தோம்புக்கும் நடுவே,
இது ஒன்றே ஒன்று.

குழலின் அடியில் கண்மை தடவி
கட்டையில் வைத்து அழுத்துவேன்.
தொட்ட இடம் கறுக்கும்.
கறுத்ததைச் சீவுவேன்.
மறுபடி மை. மறுபடி அழுத்து.
பதினொரு இரவு.
மகள் யாழரசியின் மைக்குச்சி மூன்று தீர்ந்தது.
ஒன்றும் சொல்லாமல் புதிது வாங்கிக்கொண்டாள்,
என் பர்ஸிலிருந்து.

எண்ணெய் ஆலை வாசனையோடு வந்த செங்கோடன்
வாசலிலேயே நின்று கேட்டார்:
'யாரைச் சுடப் போற?'
'உங்கள இல்ல' என்றேன்.
'வாய அடைச்சிருக்கு.'

முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை
கட்டையின் நீளம்.
யார் முழங்கை என்று கூ சொல்லவில்லை.
என் கையை மடித்தேன்.
கன்னம் சாயும் மேட்டுக்கு
என் கன்னம்.
சாய்ந்து பார்த்து, எடுத்து, அரத்தால் இரண்டு இழுப்பு,
மறுபடி சாய்ந்து.
உப்புத்தாள் கடைசியில் துணி போல ஆகிவிட்டது.
கோப்பித்தூள் கஷாயத்தில் நிறம்,
ஆளிவிதை எண்ணெய் ஏழு பூச்சு.

முடிந்த இரவு அவரிடம் கொடுத்தேன்.
தோளில் வைத்தார். முகம் சுளித்தார்.
'என்னமோ முட்டுது.'

அப்போதுதான் பார்த்தேன்.
மேடு வலப்பக்கம் எழும்பியிருந்தது.
கட்டை முழுக்க இடப்பக்கமாக
இம்மியளவு ஒதுங்கி வளைந்திருந்தது.

சோறு வலக்கையில்.
கையெழுத்து வலக்கையில்.
தொழிற்சாலை மெஷினின் சுவிட்ச் வலப்பக்கம்.
உளியைப் பற்றி மட்டும்
யாரும் எதுவும் சொன்னதில்லை எனக்கு.

சீவியதைத் திரும்ப ஒட்டவா முடியும்?

சார்ஜன் ரொஸ்லி வந்தார்.
ஈயத்தைத் தட்டினார், முத்திரையைப் படம் எடுத்தார்.
ஆசைக்கு ஒருமுறை தோளில் வைத்து
'கோணலா இருக்கே' என்றார் மலாயில்.
பாரத்தில் கோணலுக்குக் கட்டம் இல்லை.
கையெழுத்துப் போட்டார்.

கூவுக்கு ஒரே சந்தோஷம்.
எட்டு ஐம்பது வெள்ளி நோட்டு பேச்சு,
ஏழு கொடுத்தார்.

விடுதியின் பக்கத்தில் படங்கள் போடுகிறார்கள்.
பினாங்கிலிருந்து வந்த புதுமணத் தம்பதி,
ஈப்போ வங்கிக்காரர்கள்,
சிங்கப்பூர்ப் பையன் ஒருவன்.
வலது தோளில் துப்பாக்கி,
எல்லார் முகத்திலும் பல்வலி.

போன செவ்வாய்க்கிழமை
கதவுக் கீல் பார்க்கக் கூப்பிட்டார்கள்.
கூடத்தில் ஆளில்லை.
சுவரிலிருந்து இறக்கினேன்.
இடது தோள்.
கன்னம் தானாகப் போய் உட்கார்ந்தது.
குழலின் முனைக்கு அப்பால் ஜன்னல்,
ஜன்னலுக்கு அப்பால் செம்பனை,
வரிசை, வரிசை, வரிசை.
விசையை இழுத்தேன்.
டக்.

மாட்டிவிட்டுக் கதவுக்குப் போனேன்.
கீலில் மூன்று திருகாணி.
ஒன்று மரை போயிருந்தது.